"பிரச்சனை இல்லக்கா": ஜெர்மனி முதியோர் இல்லத்துல ஒரு வாலண்டியரோட ஒரு வருஷம், ஒரு நிகழ்வு ஆய்வு

இதுல வர்றவங்க யார் பேரும் போடல, ஊர் பேரும் போடல. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு, அவ படிச்சுப் பாத்து ரெண்டு இடத்துல திருத்தம் சொன்னதுக்கப்புறம்தான் எழுதுறேன். இதுல நான் வெளியில நின்னு பாத்தவ இல்ல, அவளோட மென்டர் நான்தான். அதனால தப்புல என் பங்கும் இருக்கு, அதையும் சேர்த்தே எழுதிருக்கேன்.

பின்னணி

ஜெர்மனியில வெல்ட்வேர்ட்ஸ்னு ஒரு அரசு உதவித் திட்டம் இருக்கு, 2008ல ஆரம்பிச்சது. முதல்ல ஜெர்மன் பசங்களை இந்தியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கான்னு அனுப்பிட்டிருந்தாங்க, 2013லேருந்து எதிர்ப்பக்கமும் திறந்துவிட்டாங்க, அதாவது நம்ம பக்கத்துலேருந்து 18 முதல் 28 வயசுக்குள்ள உள்ளவங்க அங்க போய் ஒரு வருஷம் சேவை பண்ணலாம். அங்க போனதும் அந்த நாட்டோட சொந்த வாலண்டியர் திட்டத்துக்குள்ள சேர்த்துக்குவாங்க, பேரு புண்டஸ்ஃப்ரைவில்லிகன்டீன்ஸ்ட், அதுல சேர்றவங்களை நாங்க சுருக்கமா புஃப்டின்னுதான் சொல்லுவோம். கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வச்சப்ப அதோட சேந்து இருந்த சிவில் சேவையும் போயிடுச்சு, அந்த இடத்துக்கு 2011 ஜூலைல கொண்டு வந்தது இந்தத் திட்டம்.

இந்தத் திட்டத்தோட சட்டத்துல ஒரு வரி ரொம்ப முக்கியம், பின்னாடி வரப்போறது முழுக்க அதைச் சுத்தித்தான். வாலண்டியர் சம்பள ஆளோட இடத்தை நிரப்பக்கூடாது, கூடமாட உதவி மட்டும்தான் செய்யணும். கூடவே வேலை நேரம், ஓய்வு, லீவு பத்தின பாதுகாப்புச் சட்டங்களும் அவங்களுக்கு அப்படியே பொருந்தும். வருஷத்துக்கு 25 நாள் செமினார் உண்டு. கையில கொடுக்கறதுக்குப் பேரு சம்பளம் இல்ல, பாக்கெட் மணி.

அவளுக்கு அப்ப வயசு 22, டிகிரி முடிச்சிருந்தா, ஜெர்மன் ஏ2 வரைக்கும், அதாவது அடிப்படை அளவுக்கு, படிச்சிருந்தா. 2023 செப்டம்பர்ல வந்தா. வடக்கு ஜெர்மனியில ஒரு சின்ன டவுன், அங்க ஒரு முதியோர் இல்லம், பக்கத்துலயே ஒரு ஃப்ளாட்ல ரூம், கூட இன்னும் ரெண்டு வாலண்டியர், ஒருத்தி கொலம்பியா. ரூம் ஃப்ரீ, ட்யூட்டி நாள்ல மதிய சாப்பாடு இல்லத்துலயே, அதுபோக மாசம் 400 யூரோ. வாரம் 39 மணி நேரம்.

நான் 2015ல இதே வழியில வந்தவ, திரும்பிப் போய், அப்புறம் படிக்க மறுபடி வந்து இப்ப ஒரு மணி நேர ரயில் தூரத்துல வேலை பாக்கறேன். தமிழ் பேசுற மென்டர் கிடைச்சா அவளுக்கு ஈஸியா இருக்கும்னு அனுப்புன அமைப்பு கேட்டாங்க, நானும் சரின்னேன். மென்டர்னா பாஸ் கிடையாது, இல்லத்துக்கும் நமக்கும் சம்பந்தம் இல்ல, மாசம் ஒரு தடவை பாத்துப் பேசி, ஏதாவதுன்னா கைகொடுக்கறது, அவ்ளோதான்.

முதல் ஆறு வாரம்

இதைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் போச்சு. ரெண்டு வாரத்துக்குள்ள முனிசிபல் ஆபீஸ்ல முகவரி பதிவு, பேங்க் அக்கவுண்ட், இன்சூரன்ஸ் கார்டு எல்லாம் முடிஞ்சுது. காலையில டைனிங் ஹால்ல பிரெட்ல வெண்ணெய் தடவித் தர்றது, காபி ஊத்தறது, யாருக்கு ஓரம் வெட்டித் தரணும் யாருக்கு ஜாம் மட்டும் போதும்னு ஞாபகம் வச்சுக்கறது, பத்து மணிக்கு மேல சக்கர நாற்காலியில ரெண்டு பேரை வெளிய கூட்டிட்டுப் போறது, மதியம் நாப்கின் மடிக்கறது, மூணு மணிக்கு மறுபடி காபி, கேக். தொண்ணூறு வயசு தாத்தா ஒருத்தர் வடக்கத்தி வட்டார பாஷையான ப்ளாட்லதான் பேசுவாரு, அது அவ படிச்ச ஜெர்மனே இல்ல, ஆனா ரெண்டு பேரும் சீட்டு விளையாடுறதுக்கு பாஷை தேவைப்படலன்னு போன்ல சொல்லிச் சிரிச்சா. ஃப்ளாட்ல குப்பையைப் பிரிச்சுப் போடுறதுல ஒரு சின்ன சண்டை, துடைக்கிற முறை யாருதுன்னு ஒரு சண்டை, இதெல்லாம் எல்லா ஃப்ளாட்லயும் உண்டு.

அக்டோபர் நடுவுலேருந்து: கண்ணுல பட்டது, நான் பெருசா எடுத்துக்காதது

இங்கதான் நிதானமா எழுதணும், ஏன்னா இந்த ரெண்டு மாசத்துல ஒரு பெரிய சம்பவமும் நடக்கல, சின்னச் சின்னதா ஒண்ணொண்ணு நகர்ந்துச்சு.

இல்லத்துல ஆள் பத்தாது, ஜெர்மனி முழுக்க முதியோர் பராமரிப்புல இதே கதைதான். அக்டோபர்ல ரெண்டு பேர் நீண்ட மெடிக்கல் லீவுல போனாங்க. யாராவது ஷிஃப்ட் மாத்திக்கிறியான்னு கேட்டா இவ "கைன் ப்ரொப்ளேம்"னு சொல்லிடுவா, அதாவது பிரச்சனை இல்ல. உனக்கு இங்க குடும்பம் இல்லையே, சனி ஞாயிறு வர்றியான்னு கேட்டா அதுக்கும் கைன் ப்ரொப்ளேம். கேட்டவங்க கெட்டவங்க இல்ல, வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்கறவங்க, ஒருத்தங்க கேக் சுட்டுக் கொண்டுவந்து தந்தாங்க, இன்னொருத்தங்க குளிர் ஜாக்கெட் தந்தாங்க. வாங்கிட்டு எப்படிக்கா முடியாதுன்னு சொல்றதுன்னு பின்னாடி என்கிட்ட கேட்டா.

நான் பாத்தது என்னன்னா, நவம்பர்ல நேர்ல பாத்தப்ப முகம் ஒடுங்கியிருந்துச்சு. குளிருக்கு வெயிட் குறைஞ்சிருக்கும்னு நினைச்சேன் (குளிர்ல சாதாரணமா வெயிட் குறையாது, எனக்கே தெரியும்). என்ன சாப்பிடுறன்னு கேட்டா டோஸ்ட்னா. அக்டோபர் 29 கடிகாரத்தைப் பின்னாடி தள்ளினதுலேருந்து சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடும், டிசம்பர்ல காலை எட்டரைக்குத்தான் விடியும், நாலு மணிக்கெல்லாம் இருட்டு, அதுல எல்லாரும் கொஞ்சம் டல்லாத்தான் இருப்போம்னு நானே ஒரு காரணமும் கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டேன். 49 யூரோவுக்கு நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ்ல போற டிக்கெட் அந்த வருஷம் மே மாசம்தான் வந்துச்சு, வாங்கிட்டியான்னு கேட்டேன், அடுத்த மாசம் வாங்கறேங்கன்னா. மூணு மாசமா அதே பதில். அந்த டவுனை விட்டு அவ வெளியவே போகல.

வாரா வாரம் போன்ல நான் கேட்ட கேள்வி ஒண்ணுதான், "எல்லாம் ஓகேவா?". பதிலும் ஒண்ணுதான், "பிரச்சனை இல்லக்கா". ஜெர்மன்ல அவங்ககிட்ட சொன்னதையேதான் தமிழ்ல என்கிட்ட சொல்லிட்டிருந்தா, அது எனக்கு உறைக்கல.

டிசம்பர் 10

ரெண்டாவது அட்வெண்ட் ஞாயிறு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறுல ரெண்டாவது. முந்தின நாள் லேட் ஷிஃப்ட், ராத்திரி ஒம்பது மணிக்கு முடிஞ்சு, மறுநாள் காலை ஆறரைக்கே திரும்ப வந்திருக்கா. நடுவுல ஒம்பதரை மணி நேரம். சட்டப்படி ரெண்டு ஷிஃப்டுக்கு நடுவுல 11 மணி நேரம் ஓய்வு இருக்கணும், பராமரிப்பு இல்லங்கள்ல பின்னாடி ஈடு கட்டுறதா இருந்தா 10 வரைக்கும் குறைக்கலாம். மதியம் ரெண்டரைக்கு வீட்டுக்குப் போயிருக்கணும், சாயங்கால ஷிஃப்டுக்கு ஒருத்தர் வரலன்னதும் இரு, சாப்பாடு முடியற வரைக்கும் மட்டும்னு சொல்லிருக்காங்க.

சாயங்காலச் சாப்பாடு, ஹால்ல பன்னெண்டு பேர், இவ ஒருத்திதான். நர்ஸ் அந்தாண்ட ரூம்ல ஒருத்தருக்கு மருந்து கொடுத்துட்டிருக்காங்க. ஒரு பாட்டிக்கு முழுங்குறதுல சிரமம், அவங்களுக்குத் தண்ணி, டீ எதுவா இருந்தாலும் பவுடர் போட்டு கெட்டியாக்கித்தான் தரணும், இல்லன்னா உணவுக்குழாய்க்குப் போகாம மூச்சுக்குழாய்க்குப் போயிடும், அதனால நிமோனியாவே வரலாம். அப்படிப்பட்டவங்களுக்கு ஊட்டுறது பயிற்சி எடுத்த ஆளுங்க வேலை. ஆனா இவ நவம்பர்லேருந்தே ஊட்டிட்டு இருந்திருக்கா, ஒரு தடவை ஒருத்தர் காட்டிக் கொடுத்தாங்க, அப்புறம் அது இவ வேலைன்னே ஆயிடுச்சு.

அன்னிக்குக் கப் மாறிடுச்சு. பக்கத்து ஆளோட சாதா டீயைக் கொடுத்துட்டா. பாட்டி இருமி இருமி முகம் சிவந்து கண்ணுல தண்ணி வந்து, இவ பயந்து கத்தினதுல நர்ஸ் ஓடி வந்து முன்னாடி சாய்ச்சுப் பிடிச்சு இருமவிட்டாங்க. ராத்திரி முழுக்க மூச்சையும் டெம்பரேச்சரையும் பாத்துட்டே இருந்தாங்க, மறுநாள் டாக்டரும் பாத்தாரு, ஒண்ணும் ஆகல. யாரும் இவளைத் திட்டவும் இல்ல. அன்னிக்கு நடந்ததை ரெக்கார்டுல நர்ஸ் எழுதினாங்க, ஊட்டினது வாலண்டியர்னு அதுல இல்ல. அது வேணும்னே விட்டதா, அவசரத்துல விட்டுப்போச்சான்னு கடைசி வரைக்கும் தெரியல, நானும் அதைத் துருவல.

எனக்கு எப்படித் தெரிஞ்சுது

அவ என்கிட்ட சொல்லல. அந்த ராத்திரி கிச்சன் தரையில உக்காந்து அழுதுட்டிருந்தவளை கொலம்பியாப் பொண்ணு பாத்து, ரெண்டு பேரோட அரைகுறை ஜெர்மன்ல விஷயத்தை வாங்கிருக்கு. அந்தப் பொண்ணுதான் செவ்வாய்க்கிழமை எனக்கு மெசேஜ் அனுப்புச்சு, "உங்க பொண்ணு நல்லா இல்ல, வாங்க"ன்னு.

புதன் சாயங்காலம் போனேன். முதல் அரை மணி நேரம் அதே பிரச்சனை இல்லக்காதான். அப்புறம் நான் கேள்வியை மாத்தினேன், ரோஸ்டர், அதாவது ட்யூட்டி அட்டவணை, போட்டோ இருக்கான்னு கேட்டேன். போன்ல எல்லா வாரமும் இருந்துச்சு, ஷிஃப்ட் மாத்திக்கிட்ட மெசேஜும் இருந்துச்சு. ஒரு நோட்டுல ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம். அக்டோபர் 16லேருந்து எட்டு வாரம், இருந்திருக்க வேண்டியது 312 மணி நேரம், இருந்தது 361. எட்டுல ஆறு வீக்கெண்ட் ட்யூட்டி. லேட் முடிஞ்சு உடனே மறுநாள் காலை ஷிஃப்ட், ஏழு தடவை. எழுதி முடிச்சு அந்தப் பக்கத்தைத் திருப்பி அவ பக்கம் வச்சேன், கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தா, "இவ்ளோவாக்கா?"ன்னா.

அப்புறம்தான் மிச்சம் வந்துச்சு. 400ல 150 யூரோ மாசாமாசம் வீட்டுக்கு அனுப்பிட்டிருந்தா. வீட்டுல சொந்தக்காரங்ககிட்ட ஜெர்மனியில வேலைன்னு சொல்லியிருக்காங்க, சேவைன்னு சொன்னா யாருக்கும் புரியாதுன்னு. டிக்கெட் வாங்காததும் டோஸ்ட்டும் அதனாலதான். புகார் பண்ணினா விசாவை ரத்து பண்ணிடுவாங்கன்னு ஒரு பயம் வேற. ஏன் என்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். நீங்க என்னை அனுப்புன அமைப்புக்குத் தெரிஞ்சவங்க, அந்த அமைப்புக்காரங்க எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க, ஒரு வார்த்தை வீட்டுக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னா. தமிழ் பேசுறதாலதான் என்னை மென்டராப் போட்டாங்க, அதே காரணத்தாலதான் என்கிட்ட மறைச்சிருக்கா.

எடுத்த முடிவும் காரணமும்

முன்னாடி மூணு வழி இருந்துச்சு. வேற இடத்துக்கு மாறுறது, பேசிச் சரிபண்ணுறது, ஊருக்குத் திரும்பிடுறது. மூணாவது வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. மாறுறது முடியாத விஷயம் இல்ல, ஆனா ஒப்பந்தம் புதுசா போடணும், வெளிநாட்டவர் ஆபீசுக்குத் தெரிவிக்கணும், புது இடத்துல ரூம் கிடைக்கணும், அதுவும் கிறிஸ்துமஸ் சமயத்துல எந்த ஆபீஸும் நகராது. அதைவிட, அவளுக்கு அந்த ப்ளாட் பாஷை பேசுற தாத்தாவை விட்டுப் போக மனசில்ல. இது அற்பமான காரணம்னு எனக்குத் தோணுச்சு, இப்ப அப்படித் தோணல.

அதனால பேசுறதுன்னு முடிவு. ஆனா ஃபிரெண்ட்லியா ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறது வேண்டாம், வாலண்டியர்களுக்குப் பொறுப்பான அமைப்புலேருந்து ஒருத்தர், இல்லத்துல இவளுக்குன்னு நியமிச்ச பொறுப்பாளர், நான், அவ, நாலு பேரும் சேந்து உக்காருறதுன்னு வச்சோம். காரணம், தனியாப் பேசினா கேக் சுட்டுத் தந்தவங்க மேல புகார் சொன்ன மாதிரி ஆகும், நோட்டை நடுவுல வச்சா பேச்சு மணிக்கணக்கு பத்தினதா இருக்கும். விசா பயத்துக்கு மட்டும் அன்னிக்கே போன் போட்டு அந்த அமைப்புல கேட்டு, வேலை நேரம் பத்திக் கேள்வி கேட்டதுக்காக யாரோட அனுமதியும் ரத்தாகாதுன்னு அவ காதால கேக்க வச்சேன்.

டீ விஷயத்தைச் சொல்றதா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சோம். சொன்னா இவ மேல பழி வரலாம். சொல்லலன்னா இன்னொரு நாள் வேற யாராவது வாலண்டியர் அதே கப்பைத் தூக்குவாங்க. அவதான் சொல்லிடலாம்னா.

நடந்தது

டிசம்பர் 18 மீட்டிங். பொறுப்பாளர் அம்மா நோட்டைப் பாத்து நிஜமாவே அதிர்ந்தாங்க, ஷிஃப்டெல்லாம் ஆளுங்களே வாட்ஸ்அப்ல மாத்திக்கிட்டதால அவங்க கையில இருந்த ரோஸ்டர்ல 39தான் இருந்துச்சு. "வாராவாரம் கேட்டேனே, கைன் ப்ரொப்ளேம்னுதானே சொன்ன"ன்னாங்க, எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல, நானும் அதே கேள்வியைத்தானே கேட்டுட்டிருந்தேன்.

ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டாங்க. வாலண்டியரோட ஷிஃப்டைப் பொறுப்பாளர் மட்டும்தான் மாத்தலாம். ஒண்ணு விட்டு ஒரு வீக்கெண்ட் லீவு. முழுங்க சிரமப்படுறவங்களுக்கு ஊட்டவோ குடிக்கத் தரவோ கூடாது, அவங்க தட்டுலயும் கப்புலயும் கலர் ஸ்டிக்கர். ஹால்ல தனியா விடக்கூடாது. கூடுதலா ஆன 49 மணி நேரத்துக்குப் பிப்ரவரியில ஆறு நாள் லீவு, மிச்சம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாள் சீக்கிரம் கிளம்பிக்கலாம். கிறிஸ்துமஸுக்கு 24, 25, 26 மூணு நாளும் இவ பேர் இருந்துச்சு, 25ம் 26ம் எடுத்தாங்க. 24 சாயங்காலம் மட்டும் அவளே இருக்கேன்னா, தாத்தாவுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு.

எல்லாம் சரியாப் போச்சான்னா, இல்ல. ஜாக்கெட் தந்தவங்க ஜனவரி முழுக்க குட் மார்னிங் சொல்லல. வாலண்டியரால ஷிஃப்ட் டைட்டாயிடுச்சுன்னு ப்ரேக் ரூம்ல பேச்சு. அவ ரெண்டு தடவை பேப்பரைக் கிழிச்சிடலாம்க்கான்னு போன் பண்ணா. மார்ச்ல ஃப்ளூ வந்து அஞ்சு பேர் லீவு, மறுபடி ஒருத்தர் நேரா இவகிட்டயே கேட்டாங்க. "ஹாய்டெ கேட் எஸ் நிஹ்ட்", இன்னிக்கு முடியாது, பொறுப்பாளர்கிட்ட கேளுங்கன்னு சொல்லிட்டு டாய்லெட்ல போய்ப் பத்து நிமிஷம் நின்னாளாம், கை நடுங்குச்சாம். ஆனா சொல்லிட்டா.

வீட்டு விஷயத்தை நான் தொடல, அது அவளோடது. பிப்ரவரி லீவுல டிக்கெட் வாங்கி கொலம்பியாப் பொண்ணோட ஹாம்பர்க், லூபெக் போய்ட்டு வந்தா, அந்த மாசம் வீட்டுக்கு 50 யூரோதான் போச்சு. அப்பா ரெண்டு வாரம் சரியாப் பேசலையாம். அப்புறம் பேசினாராம். சொந்தக்காரங்களுக்கு இன்னும் அது வேலைதான்.

2024 ஆகஸ்ட்ல முடிச்சா. இல்லத்துல இங்கயே நர்சிங் பயிற்சியில சேரச் சொல்லிக் கேட்டாங்க, வேண்டாம்னுட்டா, பராமரிப்பு வேலை எனக்கு இல்லன்னு தெரிஞ்சுதே போதும்னா. இப்ப ஊர்ல ஜெர்மன் சொல்லிக்கொடுக்கறா.

மறுபடி செஞ்சா எதை மாத்துவேன்

எல்லாம் ஓகேவான்னு கேக்க மாட்டேன். போன வாரம் எந்தெந்த நாள் போன, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்த, ராத்திரி என்ன சாப்பிட்ட, இதைத்தான் கேப்பேன். இதுக்குப் பிரச்சனை இல்லன்னு பதில் சொல்ல முடியாது. முதல் மாசமே ரோஸ்டர் போட்டோ எனக்கும் அனுப்பச் சொல்லுவேன், அதோட ஷிஃப்ட் மாத்தினாலும் எழுதி வைக்கச் சொல்லுவேன்.

என்ன வேலை செய்யலாம் செய்யக்கூடாதுங்கறதை முதல் வாரமே எழுதி வாங்கிடணும், குறிப்பா உடம்பைத் தொட்டுச் செய்யற வேலை. வாய் வார்த்தையில இருக்கற எல்லை ஆள் பத்தாத அன்னிக்குக் காணாமப் போயிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரங்களை உக்கார வச்சு இது சம்பளம் இல்ல, பாக்கெட் மணி, இதுல மிச்சம் பிடிக்க முடியாதுன்னு அனுப்புற அமைப்பு தெளிவாச் சொல்லணும். பொண்ணே போய்ச் சொல்லட்டும்னு விட்டா சொல்லாது. இதை அவங்ககிட்டச் சொல்லிருக்கேன், இப்ப ஒரு மீட்டிங் வைக்கிறாங்க, எவ்ளோ உபயோகம்னு போகப் போகத்தான் பாக்கணும்.

மென்டர் விஷயத்துல எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்ல. நம்ம பாஷை பேசுறவங்க வேணும், சந்தேகமே இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, ஆபீஸ் லெட்டர் புரியாதப்ப அது பெரிய பலம். ஆனா வீட்டோட, அனுப்புன அமைப்போட எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு ஆளும் வேணும். இப்ப எனக்கு வந்திருக்கற புதுப் பையனுக்கு அப்படித்தான் ரெண்டு பேர், நான் ஒண்ணு, அந்த ஊர்லயே ரிட்டையர்டு டீச்சர் ஒருத்தங்க இன்னொண்ணு. அவங்ககிட்ட என்ன பேசுறான்னு நான் கேக்கறதில்ல, அவங்களும் சொல்றதில்ல. போன வாரம் ரோஸ்டர் அனுப்பினான், மூணாவது வாரத்துல ஒரு சனிக்கிழமை பேனாவால அடிச்சுத் திருத்தியிருந்துச்சு, யார் மாத்தினதுன்னு கேட்டு எழுதியிருக்கேன், பதில் இன்னும் வரல.